ஆறாத புண்ணின் ரகசியம் கண்ட டாக்டர் ஜேம்ஸ் பேஜட்

ஒரு பெண்ணின் மார்புக் காம்பில் சிவப்பாக ஒரு புண். அரிக்கிறது. எரிகிறது. லேசாக நீர் கசிகிறது.

கரப்பான் என்று நினைத்துக் களிம்பு தடவுகிறாள். ஆறவில்லை. வேறு களிம்பு வாங்கிப் போடுகிறாள். அதற்கும் ஆறவில்லை. சில மாதங்களில் புண் கொஞ்சம் அகலமாகிறது. பெரிய வலி இல்லை. வீட்டு வேலை ஓடிக்கொண்டிருக்கிறது. யாரிடமும் சொல்லக் கூச்சம்.

இது வெறும் தோல் வியாதியாக இல்லாமல் போகலாம். உள்ளே பால் சுரப்பியில் புற்று நோய் இருப்பதற்கு இந்தச் சின்னப் புண்ணே அடையாளமாக இருக்கலாம். இந்தத் தொடர்பை முதன் முதலில் தெளிவாக எடுத்துச் சொன்னவர் லண்டன் டாக்டர் ஒருவர். அவர் பெயர் ஜேம்ஸ் பேஜட். சொன்ன ஆண்டு 1874. அப்போது அவருக்கு வயது 60.

கடற்கரை ஊர்ப் பையன்

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் கிரேட் யார்மத் என்று ஒரு துறைமுகம் இருக்கிறது. மீன்பிடிப்புக்குப் பேர் போன ஊர். அங்கே 1814-ம் ஆண்டு ஜனவரி 11-ந் தேதி ஜேம்ஸ் பேஜட் பிறந்தார்.

தகப்பனார் சாமுவேல் பேஜட் பெரிய வியாபாரி. பீர் காய்ச்சும் தொழிலும் கப்பல் தொழிலும் செய்தார். ஒரு காலத்தில் ஊருக்கு மேயராகவும் இருந்தார். தாயார் 17 பிள்ளைகளைப் பெற்றாள். அவர்களில் பலர் சிறு வயதிலேயே இறந்து போனார்கள். அந்தக் காலத்தில் பணக்கார வீடானாலும் அதுதான் கதி.

பேஜட் வளர வளர வீட்டில் பணம் தேய்ந்தது. வியாபாரம் படுத்துவிட்டது. கடன் ஏறிவிட்டது. பையனைக் கடற்படைக்கு அனுப்பலாம் என்றுதான் முதலில் யோசித்தார்கள். பிறகு அந்த யோசனை கைவிடப்பட்டது. 1830-ல், 16-ம் வயதில், உள்ளூர் டாக்டர் ஒருவரிடம் தொழில் பழகச் சேர்ந்தார்.

மருந்து இடிப்பதும், கட்டுப் போடுவதும், கணக்கு எழுதுவதும் வேலை. மிச்ச நேரத்தில் கடற்கரையிலும் வயல் வெளியிலும் திரிவார். செடி, பூச்சி, பாசி எதைக் கண்டாலும் எடுத்து வந்து உற்றுப் பார்ப்பார். ஒரு செடிக்கும் அதைப் போலவே இருக்கும் இன்னொரு செடிக்கும் என்ன வித்தியாசம் என்று பிரித்து எழுதி வைப்பார். 1834-ல் அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்து யார்மத் வட்டாரத்து உயிரினங்களைப் பற்றி ஒரு புத்தகமே போட்டுவிட்டார்கள்.

ஒன்றைப் போல் இருப்பது அதுவேதானா என்று சந்தேகப்படும் புத்தி அவருக்கு இப்படி வந்தது. பின்னால் அந்தப் புத்திதான் கைகொடுத்தது.

வெள்ளைப் புள்ளிகள்

1834-ல் லண்டனுக்கு வந்து செயின்ட் பார்த்தலமியூ ஆஸ்பத்திரியில் மாணவராகச் சேர்ந்தார். 1123-ல் ஆரம்பிக்கப்பட்ட மிகப் பழைய ஆஸ்பத்திரி அது.

சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. 1835 பிப்ரவரி மாதம். மாணவர்கள் ஒரு பிரேதத்தை அறுத்துப் பாடம் படித்துக்கொண்டிருந்தார்கள். அதன் சதை முழுவதும் ரவை தூவியது போலச் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள். அவை கத்தியின் கூரை மழுக்கின. இப்படிப்பட்ட புள்ளிகளை அங்கே முன்பும் பார்த்திருக்கிறார்கள். எலும்புத் துணுக்கு என்று சொல்லி விட்டுவிட்டார்கள்.

பேஜட் விடவில்லை. கைக் கண்ணாடியை வைத்துப் பார்த்தார். ஒவ்வொரு புள்ளியும் ஒரு சின்னக் கூடு போல இருந்தது. உள்ளே ஏதோ சுருண்டு கிடந்தது!

நன்றாகப் பார்க்க மைக்ராஸ்கோப் வேண்டும். அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் அவருக்கு ஒன்று கிடைக்கவில்லை. சதைத் துண்டை எடுத்துக்கொண்டு பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போனார். அங்கே ராபர்ட் பிரவுன் என்ற புகழ் பெற்ற தாவர சாஸ்திரி இருந்தார். செல்லின் நடுவில் இருக்கும் உட்கருவுக்குப் பெயர் வைத்தவர் அவர்தான். அவரிடம் ஒரு மைக்ராஸ்கோப் இருந்தது. அதன் வழியே பார்த்தபோது விஷயம் விளங்கிவிட்டது. கூட்டுக்குள் சுருண்டிருந்தது ஒரு புழு.

சில நாட்களில் மாணவர் சங்கக் கூட்டத்தில் பேஜட் இதைப் படித்தார். அதே மாதத்தில் ரிச்சர்ட் ஓவன் என்ற பிரபல விஞ்ஞானி விலங்கியல் சங்கத்தில் அந்தப் புழுவை விவரித்துப் பெயரும் வைத்தார். பெரிய பேர் ஓவனுக்குப் போயிற்று. முதலில் கண்ட முதல் வருஷ மாணவரை ஊர் கவனிக்கவில்லை. சரியாக வேகாத பன்றி இறைச்சி மூலம் அந்தப் புழு மனிதனுக்கு வருகிறது என்பது பிற்பாடு தெரிய வந்தது.

வறுமையும் வேலையும்

1836-ல் பரீட்சையில் தேறினார். அதே ஆண்டில் லிடியா நார்த் என்ற பாதிரியார் மகளுக்கும் அவருக்கும் நிச்சயதார்த்தம் ஆயிற்று. கல்யாணம் நடந்தது 1844-ல். இடையில் 8 வருஷம்! கையில் காசு இல்லை. அதுதான் காரணம்.

பெரிய ஆஸ்பத்திரியில் மேலே வரவேண்டுமானால், பெரிய டாக்டர் ஒருவருக்குப் பணம் கட்டி உதவியாளனாகச் சேர வேண்டும். பேஜட்டிடம் அந்தப் பணம் இல்லை. பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைத்தார். ஆஸ்பத்திரி மியூசியத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. சம்பளம் சொற்பம்.

அந்த வேலையை யாரும் பெரிதாக நினைக்க மாட்டார்கள். கண்ணாடி ஜாடிகளில் சாராயம் ஊற்றி, நோயாளிகளின் உடம்பிலிருந்து எடுத்த கட்டிகளையும் எலும்புகளையும் போட்டு வைத்திருப்பார்கள். ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்து, இது இன்ன உறுப்பு, இன்ன நோய், எப்படி வளர்ந்திருக்கிறது என்று அட்டவணை எழுத வேண்டும். பேஜட் வருஷக் கணக்கில் அதைச் செய்தார். பிறகு ரண சிகிச்சைக் கல்லூரியின் பெரிய மியூசியத்துக்கும் அப்படியே அட்டவணை எழுதினார்.

அந்த நாளில் கட்டியைக் கையால் அமுக்கிப் பார்த்து, கல் போல் இருக்கிறதா, மெதுவாக இருக்கிறதா என்று கவனித்து டாக்டர்கள் பெயர் சொல்வார்கள். அறுத்தால் நிறம் பார்ப்பார்கள். அவ்வளவுதான். பேஜட்டோ துணுக்கு எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தார். வெளியே ஒன்றாகத் தெரியும் 2 கட்டிகள் உள்ளே வேறு வேறாக இருந்தன. ஒன்று இருந்த இடத்திலேயே இருக்கும். மற்றொன்று ஆளைக் கொல்லும். இந்தச் சங்கதிகளை மற்ற நாட்டார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று படிக்கப் பிரெஞ்சு, ஜெர்மன், டச்சு, இத்தாலி மொழிகளையும் கற்றுக்கொண்டார்.

1843-ல் ஆஸ்பத்திரி மாணவர் விடுதிக்குத் தலைவரானார். சுமார் 30 மாணவர்கள். அவர்களுக்குப் பாடம், செலவுக் கணக்கு, புத்திமதி எல்லாம் இவர் தலையில். சில சமயம் ஒரு வாரம் முழுவதும் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டி வெளியே போகமாட்டாராம். கல்யாணம் ஆகிக் குடித்தனம் நடத்தியதும் அந்த வளாகத்துக்குள்தான்.

இன்னொரு பாரமும் இருந்தது. தகப்பனார் வைத்துவிட்டுப் போன கடன். பிள்ளைகள் பங்கு போட்டு அடைத்தார்கள். தம் பங்கை அடைக்கப் பேஜட்டுக்கு 14 வருஷம் பிடித்தது. அடைத்த பிறகுதான் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

1853-ல் கட்டிகளையும் மற்ற நோய்களையும் பற்றி அவர் செய்த சொற்பொழிவுகள் புத்தகமாக வந்தன. அதன் பிறகு சம்பாத்தியமும் பெருகியது. 1858-ல் விக்டோரியா ராணியின் சிறப்பு டாக்டர்களில் ஒருவரானார். லண்டனில் எந்த டாக்டருக்காவது ஒரு கட்டியைப் பற்றிச் சந்தேகம் வந்தால், கடைசித் தீர்ப்புக்குப் பேஜட்டிடம் அனுப்புவது வழக்கமாயிற்று. தினம் 16, 17 மணி நேரம் உழைத்தார்.

சதையை அறுத்துப் பார்க்கும் வேலை ஒரு முறை அவர் உயிருக்கே உலை வைத்தது. 1871-ல் ஒரு பிரேத பரிசோதனையின்போது விஷக் கிருமி உடம்பில் ஏறிவிட்டது. அந்த நாளில் டாக்டர்களுக்குக் கையுறை ஏது? சாவின் வாசல் வரை போய்த் திரும்பினார். அதோடு ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டார். அதே ஆண்டில் ராணி அவருக்கு பாரோனெட் பட்டம் கொடுத்தார்.

15 பெண்கள்

இப்போது அந்தப் புண்ணுக்கு வருவோம்.

பேஜட்டிடம் வந்த பெண்களில் சிலருக்கு மார்புக் காம்பிலும் அதைச் சுற்றியுள்ள கருவட்டத்திலும் தடிப்பு இருந்தது. 40 வயதிலிருந்து 60-ம் அதற்கு மேலும் ஆன பெண்கள். பெரும்பாலோருக்கு அந்த இடம் ரத்தச் சிவப்பாக, தோல் உரிந்தது போல, பொடிப் பொடியாக இருக்கும். மஞ்சளாக ஒட்டும் நீர் வடியும். சிலருக்கு மட்டும் காய்ந்து செதில் விடும். அரிப்பு உண்டு. எரிச்சல் உண்டு. உடம்புக்கு வேறு குறை ஒன்றும் இல்லை.

கரப்பானுக்கு என்னென்ன மருந்து உண்டோ அவ்வளவும் போட்டுப் பார்த்தார்கள். குணமாகவில்லை.

வேறு ஒரு டாக்டராக இருந்தால் இது பிடிவாதமான கரப்பான் என்று எழுதி முடித்திருப்பார். பேஜட் அந்தப் பெண்களை மறக்கவில்லை. பின்னால் அவர்களுக்கு என்ன ஆயிற்று என்று கவனித்து வைத்தார். 1874-ல் கணக்குப் பார்த்தார். மொத்தம் 15 பெண்கள். 15 பேருக்கும் மார்பகப் புற்று நோய் வந்திருந்தது! அதிகம் போனால் 2 வருஷம். பலருக்கு ஒரே வருஷத்துக்குள்.

இன்னொன்றையும் அவர் கவனித்தார். கட்டி அந்தப் புண்ணில் வரவில்லை. புண்ணுக்குக் கீழே, சுரப்பிக்குள் வந்தது. புண்ணுக்கும் கட்டிக்கும் நடுவில் நல்ல சதை இருந்தது. தோலில் ஒரு வியாதி, உள்ளே ஒரு வியாதி. இரண்டுக்கும் நடுவே பாலம் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. இது எப்படி?

மேலே இருக்கும் புண்ணின் உறுத்தலால் உள்ளே புற்று பிறக்கிறது என்று அவர் கருதினார். ஆஸ்பத்திரியின் ஆண்டு மலரில் இதையெல்லாம் எழுதினார். நீளமான கட்டுரை அல்ல. 3 பக்கம்தான். படம் கிடையாது. 15 பெண்களுக்கும் பெயர் கிடையாது. மார்புப் புண்ணைக் காட்ட டாக்டரிடம் வருவதே பெரிய காரியமாக இருந்த காலம் அது. கூச்சத்தை விட்டு வந்த அந்தப் பெண்கள்தான் பின்னால் வந்த எத்தனையோ பெண்களுக்கு வழி காட்டியவர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

பெரிய வெளிறிய செல்கள்

கட்டுரை வந்த 2 வருஷத்தில், 1876-ல், அதே ஆஸ்பத்திரியைச் சேர்ந்த பட்லின் என்ற டாக்டர், இப்படிப்பட்ட புண் இருந்த 2 மார்பகங்களின் சதையை மைக்ராஸ்கோப்பில் ஆராய்ந்தார். பால் குழாய்களுக்குள்ளும் மாறுதல் இருப்பதைக் கண்டார். பாலத்தின் ஒரு முனை தெரிந்துவிட்டது.

பிறகு 1889-ம் ஆண்டு. பிரான்சில் டாரியே என்ற தோல் டாக்டர் அந்தப் புண்ணின் தோலையே சீவிப் பார்த்தார். மேல் தோலில் செல்கள் ஓடு வேய்ந்தது போல வரிசையாக அடுக்கியிருக்கும். அந்த வரிசைக்கு நடுவே அன்னியர்கள் போலச் சில செல்கள் தெரிந்தன. மற்றவற்றை விடப் பெரியவை. வெளிறியவை. நடுவில் பெரிய உட்கரு. சில தனியாக நின்றன. சில கும்பலாக நின்றன.

டாரியே அவற்றை என்ன என்று நினைத்தார் தெரியுமா? வெளியிலிருந்து வந்து குடியேறிய ஒட்டுண்ணிக் கிருமிகள் என்று நினைத்தார்! அது தவறு என்று பிறகு தெரிந்தது. அவை நோயாளியின் சொந்தச் செல்களே. புற்றாக மாறிய செல்கள்.

விதியின் விளையாட்டைப் பாருங்கள். பேஜட் மாணவராக இருந்தபோது உண்மையான புழுவை எலும்பு என்றார்கள். அவர் கிழவரான பிறகு, உடம்பின் சொந்தச் செல்லை ஒட்டுண்ணி என்றார்கள்.

அந்தச் செல்களுக்கு இன்று பேஜட் செல்கள் என்றே பெயர். அவற்றைக் கண்டுபிடித்தவர் அவர் அல்ல. ஆனால் எந்தப் புண்ணில் தேட வேண்டும் என்று காட்டியவர் அவர்.

அதே 1889-ல் லண்டனில் கிராக்கர் என்ற டாக்டர், மார்பகம் இல்லாத வேறு இடத்துத் தோலிலும் இந்த நோய் வரும் என்று எழுதினார். அவர் கண்டது ஓர் ஆணிடம். 1901-ல் பெண்களின் மறைவிடத் தோலிலும் இது வருவது தெரிந்தது. விசேஷ வியர்வைச் சுரப்பிகள் இருக்கும் இடங்களில் வருவது இது. பெரும்பாலும் 50, 60 வயதைத் தாண்டியவர்களுக்கு வரும். அரிப்பு, படை என்று நினைத்து வருஷக் கணக்கில் களிம்பு போட்டுக்கொண்டிருப்பவர்கள் இன்றும் உண்டு.

அதே 1889-ல் இன்னொரு பேஜட்டும் பேர் வாங்கினார். அவர் ஜேம்ஸின் மகன் ஸ்டீபன். மார்பகப் புற்று நோயால் இறந்த 735 பெண்களின் பிரேத பரிசோதனைக் குறிப்புகளை அவர் புரட்டிப் பார்த்தார். புற்று கண்ட இடத்தில் எல்லாம் பரவுவதில்லை, விதை ஏற்ற மண்ணில் முளைப்பது போலச் சில உறுப்புகளில்தான் அதிகம் பரவுகிறது என்று காட்டினார். தகப்பன் புற்றின் வருகையைக் கண்டார். மகன் அது போகும் வழியைக் கண்டார்.

சதைத் துணுக்கின் சாட்சி

இன்று ஒரு பெண் இப்படிப்பட்ட புண்ணோடு போனால் டாக்டர் என்ன செய்கிறார்?

முதலில் சில கேள்விகள். ஒரு பக்கம் மட்டுமா, இரண்டு பக்கமுமா? கரப்பான் பல சமயம் இரண்டு பக்கமும் வரும். பேஜட் நோய் அநேகமாக ஒரு பக்கம்தான். காம்பில் ஆரம்பித்ததா, சுற்று வட்டத்தில் ஆரம்பித்ததா? பேஜட் நோய் காம்பில் தொடங்கிச் சுற்றிப் பரவும். களிம்பால் மறைந்ததா? சில சமயம் சற்றுக் குறைவது போலக் காட்டி மறுபடி வரும். அங்கேதான் ஏமாற்றம்.

ஆனால் கண் பார்வையை வைத்து முடிவு கட்ட முடியாது. மரத்துப் போகும் ஊசி போட்டு, அந்த இடத்திலிருந்து ஒரு சின்னச் சதைத் துணுக்கை எடுக்கிறார்கள். இதற்குப் பயாப்சி என்று பெயர். துணுக்கை மெழுகில் பதித்து, காகிதத்தை விட மெல்லிதாகச் சீவி, சாயம் ஏற்றிக் கண்ணாடித் தகட்டில் வைக்கிறார்கள். மைக்ராஸ்கோப்பில் அந்தப் பெரிய வெளிறிய செல்கள் தெரிகின்றனவா என்று பார்க்கிறார்கள்.

அதிலும் குழப்பம் உண்டு. மெலனோமா என்ற தோல் புற்றின் செல்களும் இப்படித் தோன்றலாம். அதனால் சில புரதங்களில் மட்டும் ஒட்டும் விசேஷச் சாயங்களைப் போடுகிறார்கள். செல் எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது, சுரப்பியிலிருந்து வந்ததா, தோலிலேயே பிறந்ததா என்று அந்தச் சாயம் சொல்லிவிடும். மறைவிடத் தோலில் வரும் நோய்க்கு இது மிகவும் முக்கியம். அங்கே நோய் தோலிலேயே பிறந்திருக்கலாம். குடலிலோ மூத்திரப் பையிலோ உள்ள புற்றின் அடையாளமாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் சிகிச்சை வேறு.

மார்பகப் புற்று நோய் கண்ட 100 பேரில் ஒருவர் முதல் 3 பேர் வரையில்தான் இந்த வகை. அபூர்வம்தான். அபூர்வமாக இருப்பதால்தான் நினைவுக்கு வராமல் போகிறது. காம்புப் புண் எல்லாம் புற்று அல்ல. பெரும்பாலானவை சாதாரணக் கரப்பானே. சில வாரம் மருந்து போட்டும் ஆறாத புண்ணை மட்டும் டாக்டரிடம் காட்டித் துணுக்கு எடுத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். கட்டி தட்டுப்படாத நிலையிலேயே கண்டுபிடித்தால் குணமாகும் வாய்ப்பு நன்றாக இருக்கிறது. மார்பகம் முழுவதையும் எடுக்காமல் சிகிச்சை செய்வதும் பலருக்கு இப்போது முடிகிறது.

கடைசி நாட்கள்

பேஜட் 1878-ல் ஆபரேஷன் செய்வதை நிறுத்தினார். அதற்கு முன்பே, எலும்புகள் வளைந்து தடிக்கும் ஒரு நோயையும் விவரித்திருந்தார். அதற்கும் அவர் பெயர்தான். 1881-ல் லண்டனில் நடந்த உலக டாக்டர்கள் மகாநாட்டுக்குத் தலைமை வகித்தார். பாஸ்டர், வர்க்கோ, காக் ஆகிய மூவரும் வந்திருந்த மகாநாடு அது.

அதற்கு முந்திய ஆண்டில் கேம்பிரிட்ஜில் அவர் பேசிய பேச்சுதான் எனக்கு அதிகம் பிடித்தது. கூடியிருந்த டாக்டர்களுக்கு மரங்களின் நோயைப் பற்றிச் சொன்னார். மரத்தில் முடிச்சு விழுவதையும், இலையில் பூச்சி கடித்த இடம் வீங்குவதையும், மனிதன் உடம்பில் வரும் வியாதிகளோடு ஒப்பிட்டுக் காட்டினார். யார்மத் வயல் வெளியில் செடி பொறுக்கிய பையன் 66 வயதிலும் மாறவில்லை.

மனைவி லிடியா 1895-ல் காலமானாள். 1899 டிசம்பர் 30-ந் தேதி, 86 வயது நிறைய 12 நாள் இருக்கும்போது, பேஜட் லண்டனில் கண் மூடினார். வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் பிரார்த்தனை நடந்தது. உடல் பின்ச்லியில் அடக்கம் செய்யப்பட்டது.

புண்ணுக்கும் கட்டிக்கும் நடுவே உள்ள பாலம் அவர் காலத்தில் முழுவதும் தெளியவில்லை. 1904-ல் ஸ்வீடனைச் சேர்ந்த ஜாக்கோபியஸ் என்ற டாக்டர் வேறு விளக்கம் சொன்னார். புற்று முதலில் உள்ளே பால் குழாயில் பிறக்கிறது, அங்கிருந்து செல்கள் குழாய் வழியாகவே ஊர்ந்து மேலே வந்து காம்பின் தோலுக்குள் நுழைகின்றன என்றார் அவர். பெரும்பாலான பெண்களுக்கு நடப்பது இதுதான் என்று இன்று டாக்டர்கள் ஒப்புக்கொள்கிறார்கள். பேஜட் நினைத்தபடி புண் முதலில் வந்து புற்றை அழைக்கவில்லை. புற்று முதலில் வந்திருந்தது. 15 பெண்களும் அவரிடம் வந்த அன்றே அது உள்ளே இருந்திருக்க வேண்டும்.